கடை டோக்கனும் கடல் டோக்கனும்

போன வாரம் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கம்ப்யூட்டர் கேம் கடை திறந்து மூன்று மாதம் ஆகிறது. பத்து கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார், ஏசியும் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வாசலில் முண்டியடிப்பதைப் பெருமையாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அண்ணே, இந்தச் சின்னப் பிள்ளைகளை விடலாமா, வேண்டாமா? சட்டம் போடணும், தடுக்கணும்னு பேசிக்கிறாங்களே. போட்டுட்டா நம்ம தொழில் என்னாகும்?"

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், அவருக்கும் அவரைப் போலப் புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற மற்றவர்களுக்கும். நான் படித்தது ஆறாவது வரைக்கும்தான். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.எஸ். மங்கலம் பக்கத்தில் எங்கள் கிராமம். மழை ஏமாற்றினால் வீட்டில் ஒரு வேளைதான் உலை. எழுபத்து நாலில் எனக்குப் பதினாலு வயது. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்த ராட்டினக்காரர்களோடு லாரியில் ஏறிவிட்டேன். யாரோடும் கோபம் இல்லை. லாரி போகிற ஊரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். அடுத்த ஏழு வருடம் ராட்டினத்துக்கு அடியில்தான் தூக்கம். மழை பெய்தால் பலகைக்கு அடியில் நகர்ந்துகொள்வோம்.

அங்கே என்னை வளையம் எறிகிற கடையில் நிறுத்தினார்கள். மரக்கட்டை மேல் சோப்பு இருக்கும். வளையம் சோப்பையும் கட்டையையும் சேர்த்துச் சுற்றி விழுந்தால் சோப்பு உங்களுக்கு. வளையம் சோப்பைத் தாண்டி இறங்கும், ஆனால் கட்டையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். கட்டை அப்படித்தான் அறுக்கப்பட்டிருக்கும். கடை முதலாளி எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். வளையம் மாட்டி நிற்கும்போதெல்லாம் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அடடா, கொஞ்சத்துல போச்சே!" என்று கத்த வேண்டும். தூரமாக விழுந்தால் கத்தக் கூடாது. தூரமாக எறிந்தவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். கொஞ்சத்தில் விட்டவன்தான் மறுபடி வளையம் வாங்குவான்.

பிறகு பம்பாய். ஓட்டலில் மேசை துடைத்தேன். அங்கிருந்து வீடியோ கேம் பெட்டி ரிப்பேர் செய்கிற ஒரு பட்டறை. முதல் பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உள்ளே அரிசி மணி அளவில் வரிசையாக சுவிட்சுகள். எதிரி எத்தனை அடிக்கு விழுவான், ஆடுகிறவனுக்கு எத்தனை உயிர், எந்தக் கட்டத்தில் திடீரென்று கஷ்டமாக்குவது, எல்லாம் அதில் இருந்தது. மரக்கட்டைக்குப் பதில் கரண்டு. கத்துகிற வேலையைப் பெட்டியே பார்த்துக்கொண்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் தாங்களாக வந்து தாங்களாகக் கெட்டுப் போகிறார்கள் என்று நம் ஆட்கள் பேசுவதைக் கேட்கிறேன். பெட்டியின் உள்பக்கத்தைப் பார்த்த எவனும் அப்படிப் பேச மாட்டான்.

கொச்சியில் சில வருடம், மங்களூரில் சில வருடம். தொண்ணூறுகளின் கடைசியில் நாலு பழைய பெட்டிகளோடு மண்டபத்தில் வந்து இறங்கினேன். மீன் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டுக் கட்டடம். பித்தளை டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரு ஆட்டம்.

தொழிலில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. வந்த ஒரு மாதத்தில் ஊரின் கணக்கைப் பிடித்துவிட்டேன். இந்தக் கரையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டும்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்களுடையது. இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு, பிறகு பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. விசைப்படகு போகிற காலையில் அப்பாமார் வீட்டில் இருக்க மாட்டார்கள், மறுநாள் காலையில்தான் கரைக்கு வருவார்கள். அம்மாமார் மார்க்கெட்டில். பிள்ளைகளைக் கேட்க ஆள் கிடையாது. அதனால் திங்களும் புதனும் நான் காலை ஏழு மணிக்கே கடையைத் திறந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை பையோடு என் கடைக்குள் வந்தது. மற்ற ஊர்க்காரன் எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

இன்னொன்றும் செய்தேன். ஆட்டம் முடிந்ததும் திரையில் "தொடரவா?" என்று கேட்டு ஒன்பது, எட்டு, ஏழு என்று எண்ணிக்கை இறங்கும். சைபர் வருவதற்குள் இன்னொரு டோக்கன் போட்டால் விட்ட இடத்திலிருந்தே ஆடலாம். போடாவிட்டால் முதலிலிருந்து. வழக்கமாகப் பத்து விநாடியில் முடிந்துவிடும். கையில் காசு இல்லாத பிள்ளைக்குப் பத்து விநாடி போதாதே? என் கடையிலிருந்து மீன் மார்க்கெட்டுக்கு ஓடி, அம்மாவிடம் காசு பிடுங்கிக்கொண்டு திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று நானே ஒரு நாள் நடந்து பார்த்தேன். பம்பாய் ஆள் ஒருவரிடம் கேட்டு, எண்ணிக்கையை அந்த அளவுக்கு மெதுவாக ஓட வைத்தேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மீதிக் கதை உங்களுக்குப் புரியாது.

சேகர் என்று ஒரு பையன். ஏழாவது படித்தான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா காளியம்மா மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவர். மெலிந்த பையன். ஆடும்போது நாக்கை வெளியே துருத்திக்கொண்டு ஆடுவான். ஒரு புதன்கிழமை எண்ணிக்கை ஓட ஆரம்பித்ததும் இரண்டு கையையும் காற்றில் வீசிக்கொண்டு வெளியே ஓடினான். திரும்பி வந்தபோது எண்ணிக்கை இரண்டில் இருந்தது. மூச்சு இரைத்தது. கையில் காசும் இருந்தது, முழங்கையிலிருந்து ரத்தமும் வடிந்தது. காசை என் முன்னால் வைத்துவிட்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்றான். டோக்கனைக் கொடுத்தேன். ரத்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

பின்னாலேயே அவன் அம்மா வந்தார். வேகமாக நடந்து வந்ததில் முந்தானை தோளில் நிற்கவில்லை. கையெல்லாம் உப்பு. வாசலிலேயே நின்றார்.

"ஏண்ணே, நீங்கதான் இந்தக் கடைக்காரரா?"

"ஆமாம்மா."

"யாவாரத்துக்கு ஆள் நிக்குது. சுருக்குப்பையைப் புடுங்கிக்கிட்டு ஓடியாரான். கூடையில இடறி விழுந்து, எந்திரிச்சு, மறுபடியும் ஓடியாரான். வந்தவுக சிரிக்கிறாக. எனக்கு அது பெருசு இல்ல. ரெண்டு மாசமா இவன் பள்ளிக்கூடம் போகலையாம். நேத்துத்தான் பெரிய டீச்சர் ஆளனுப்பிச் சொல்றாக. பரீட்சை லீவு முடிஞ்சு தொறக்கிற அன்னைக்கும் வரலைன்னா பேரை அடிச்சிருவாகளாம்."

"நீங்க கண்டிச்சு வைக்கணும்மா..." என்று ஆரம்பித்தேன்.

"கண்டிக்கிறதுக்கு இவுக அய்யா இருக்காக. அவுக என்ன சொல்றாக தெரியுமா? படிக்காட்டி நல்லதாப் போச்சு, போட்டுல ஏத்துறேன்ங்கிறாக. பன்னெண்டு வயசு. என் கூடப் பெறந்தவன் பதிமூணு வயசுல போட்டுல ஏறினவன். இன்னும் திரும்பல." அதைச் சாதாரணமாகச் சொன்னார், பஸ் வரவில்லை என்பதுபோல. "இவன் பேரு நோட்டுல இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நான் அந்த இடத்தில் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். சேகரைக் கையைப் பிடித்து வெளியே விட்டேன். இனி என் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சோறு ருசியாக இருந்தது.

நாலாம் நாள் காளியம்மா மறுபடி வந்தார்.

"என்னம்மா, உங்க பிள்ளையைத்தான் விரட்டிட்டேனே?"

"வெரட்டுனீக. வீட்டுக்கா வந்தான்? காதர் பாய் கடையில ஒக்காந்திருக்கான். அங்கன வெரட்டுனா அண்ணன் தம்பி கடை ரெண்டு இருக்கு. நீங்க கையைக் கழுவிட்டீக, அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. "ஊர்ல நாலு கடை இருந்தா அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்? டோக்கன் வாங்கிட்டு ஆடுறான். இது என் தொழில்."

அவர் கல்லாப் பலகை மேல் கிடந்த ஒரு பித்தளை டோக்கனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டு ஆளும் மீன்துறை ஆபீசுல டோக்கன் வாங்கிட்டுத்தான் கடலுக்குப் போறாக. அது எதுக்குக் குடுக்குறாக தெரியுமா? எந்தப் போட்டு போச்சு, எது இன்னும் கரைக்கு வரலைன்னு பாக்கிறதுக்கு. வரலைன்னா தேடிப் போவாக. நீங்களும் டோக்கன் குடுக்குறீக. ஒங்கள்ட்ட வாங்கிட்டுப் போன புள்ளை திரும்பி வந்துச்சான்னு யாரு பாக்கிறா?"

டோக்கனைப் பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கருவாட்டு உப்பு அதில் ஒட்டியிருந்தது.

நாலு கடலோர ஊரில் தொழில் செய்திருக்கிறேன். அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு பொருள் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு டோக்கன் என்றால் உள்ளே போகிற வழி மட்டும்தான்.

கடையை மூடிவிடலாமா என்று நினைத்தேன். கொச்சியில் ஒரு தடவை அப்படி நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு தெருவில் எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் மூட வைத்தார்கள். பெட்டிகள் எங்கேயும் போய்விடவில்லை. ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால், சன்னல் இல்லாத அறைக்குள் போயின. அங்கே பிள்ளைகள் ஆடினார்கள், பக்கத்தில் பெரியவர்கள் சீட்டு ஆடினார்கள். முன்பு தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்துத் திட்டவாவது செய்தார். அதுவும் போயிற்று. ஆகவே முற்றிலும் தடை என்று யாராவது சொன்னால் நான் கை தூக்க மாட்டேன். யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று சொன்னாலும் தூக்க மாட்டேன்.

என் கடைக்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று கேட்க ராமநாதபுரம் போனேன். ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவர் நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டார்.

"சினிமாக் கொட்டகைக்கு இருக்குய்யா. ராட்டினத்துக்கு இருக்கு. சர்க்கஸுக்கு இருக்கு. இந்தப் பெட்டி எதுல வருதுன்னு எனக்கே தெரியல. பதினெட்டு வருஷமா உக்காந்திருக்கேன், தன்னைக் கட்டுப்படுத்துங்கன்னு கேட்டு மனுவோட வந்த மொத ஆளு நீதான்." பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அவரும் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். கிண்டல் இருந்தாலும் நல்ல மனுஷர். "சட்டம் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஊருக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்களேன். ஒங்க ஆளுக போட்டுக்கு நாள் வச்சிருக்காகளே, அது எப்படி வந்துச்சு?" என்றார்.

திரும்புகிற பஸ்ஸில் உச்சிப்புளி வருகிற வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

காதர் பாய் கடையில்தான் கூடினோம். அவர் கடைதான் பெரியது. சவுதியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து, டிவியில் மாட்டி ஆடுகிற செட்டுகளை ஆறு வாங்கிப் போட்டிருந்தார். மற்ற இரண்டு கடைக்காரர்களும் அண்ணன் தம்பி. அண்ணன் ஒன்று சொன்னால் தம்பி அதற்கு நேர் எதிராகச் சொல்வார், அதுதான் அவர் கொள்கை. காளியம்மாவையும் கூப்பிட்டிருந்தேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்தார்.

என் யோசனையைச் சொன்னேன். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஊரில் ஒரே ஒரு அலுமினிய வில்லை. அதில் அவன் நம்பர். அந்த வில்லையைக் கொடுத்தால்தான் எந்தக் கடையிலும் ஆடலாம், அரை மணி நேரம். வில்லை கடையிலேயே தங்கிவிடும். அதனால் அன்றைக்கு வேறு கடைக்குப் போக முடியாது. மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பள்ளிக்கூட வாசலில்தான் அது திரும்பக் கிடைக்கும். உள்ளே இருந்து வெளியே வருகிற பிள்ளைக்கு மட்டும்.

"பைத்தியமாய்யா ஒனக்கு?" என்றார் காதர் பாய். "பன்னெண்டு வருசம் அந்த வெயில்ல வெந்துட்டு வந்து கடை போட்டிருக்கேன். நீ வந்து ஆளுக்கு அரை மணி நேரம்ங்கிற. புள்ளையை வளக்கிறது பெத்தவன் பாடு. என் பாடு இல்ல."

"சரிதான்" என்றார் அண்ணன்.

"அதெப்படிச் சரி?" என்றார் தம்பி.

நான் சொன்னேன்: "பாய், வாரத்துல மூணு நாள்தான் போட்டு போகுது. ஒரே ஒரு போட்டு மட்டும் நான் போகலைன்னு கரையில நின்னா மத்தவன் அள்ளிட்டு வந்துருவான். எல்லாரும் நிக்கிறதாலதான் யாருக்கும் நட்டம் இல்ல. நான் ஒருத்தன் சேகரை விரட்டினேன். அவன் உங்க கடைக்கு வந்தான். நீங்க விரட்டினா இவங்க கடைக்குப் போவான். நாலு பேரும் சேர்ந்தாத்தான் இது நிக்கும்."

 காதர் பாய் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

"நல்லாப் பேசுறப்பா. ஒண்ணு கேக்கிறேன், அல்லா மேல ஆணையாச் சொல்லு. ஒன் பெட்டியில எண்ணிக்கை ஒம்பதுல இருந்து எட்டுக்கு வாரதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிருவேன். எல்லாப் பெட்டியும் அப்படித்தானா? இல்ல, ஒன் பெட்டிக்கு மட்டும் மூட்டுவலியா?"

அண்ணனும் தம்பியும் முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தார்கள். காளியம்மா சிரிக்கவில்லை. அவருக்கு அது என்னவென்று புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். பழைய மெஷின், கரண்டு கம்மி என்று சொல்லியிருக்கலாம். காதர் பாய்க்குச் சந்தேகம்தான், நிச்சயம் இல்லை. உண்மையைச் சொன்னால் கூட்டம் அதோடு கலைந்துவிடும், பேச வந்தவனே அயோக்கியன் என்றாகிவிடும் என்று தோன்றியது. வாயைத் திறந்தபோது என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது.

"நான்தான் அப்படி வச்சேன்" என்றேன். "மார்க்கெட்டுக்கு ஓடிப் போயிட்டு வர நேரம் வேணும்னு."

காளியம்மாவுக்கு இப்போது புரிந்தது. எழுந்து நின்றார். அடிக்க வருகிறார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப, இவன் ஓடியாரதுக்கு நீங்க வழி அளந்தீகளா?"

"ஆமா."

"திங்கக்கெழமை ஏழு மணிக்குக் கடை தொறக்கிறதும்...?"

"அதுவும் அதுக்குத்தான்."

அவர் தெருவில் இறங்கி நடந்தார். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் போனது என் கடைக்கு. வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "வாங்க! தொறந்து காட்டுங்க, எங்கன இருக்குன்னு."

நாலு பேரும் போனோம். பெட்டிகளின் பின்பலகையைக் கழற்றினேன். எது எதற்கு என்று ஒவ்வொரு சுவிட்சாகச் சொன்னேன். இத்தனை வருடத்தில் தொழிலுக்கு வெளியே ஒருவருக்கு நான் பெட்டியின் உள்பக்கத்தைக் காட்டியது அதுதான் முதல் தடவை. காளியம்மா குனிந்து பார்த்தார். எண்ணிக்கையை நான் பழையபடி வைத்தேன். அதோடு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதியையே அணைத்தேன். ஆட்டம் முடிந்தால் முடிந்தது. நாலாவது பெட்டியை மூடும்போது காதர் பாய் தோளில் தட்டினார்.

"நீ சுத்தமான ஆளுன்னு சொல்லிட்டு வந்திருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்" என்றார். "லீவு நாள்ல மட்டும் ஒரு மணி நேரம் குடு. மத்தது நீ சொன்னபடி. மொத மாசம் பாப்போம், இன்ஷா அல்லா."

"ஒரு மாசம் பத்தாது" என்றார் தம்பி. அண்ணன் அதற்கு ஒன்றும் சொல்லாததால் அதுவே முடிவானது.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுப்பவர் வில்லைகளில் நம்பர் வெட்டித் தந்தார். பெரிய டீச்சர் முதலில் மறுத்துவிட்டார். "கேம்ஸ் டோக்கனைப் பள்ளிக்கூடத்துல வச்சுக் கொடுக்கிறதா? என் வேலை போயிரும்ப்பா." யாரும் உள்ளே வர வேண்டாம், வாசலுக்கு வெளியே நின்று நான் கொடுக்கிறேன் என்று காளியம்மா சொன்னார். அதற்கு டீச்சர் சம்மதித்தார். அன்றைய காலை வருகையை ஒரு தாளில் எழுதித் தரவும் ஒப்புக்கொண்டார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். முதல் வாரமே வில்லைகள் கைமாறின. நெல்லிக்காய்க்கு ஒன்று, பம்பரத்துக்கு ஒன்று. ஒரு பையனிடம் பதினொன்று இருந்தன. அவனைப் பிடித்தது நாங்கள் அல்ல, காளியம்மா. மார்க்கெட்டில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேர் முகத்தை அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கடைக்குப் பையன் வந்தால் நம்பரைச் சொல்லி அவரிடம் கேட்டு வர ஆளனுப்பினோம். பிறகு எங்களுக்கே முகங்கள் பழகிவிட்டன. இதையும் சொல்லிவிடுகிறேன்: அதுவரைக்கும் என் கடைக்கு வருகிற ஒரு பிள்ளையின் பெயர்கூட எனக்கு ஒழுங்காகத் தெரியாது.

வியாபாரம் குறைந்தது. பாதியாகவில்லை. காலையில் கடை திறக்கிற வேலை மிச்சம்.

சேகருக்கு வருவோம். பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றுதான் வில்லை கொடுக்க ஆரம்பித்தோம். அன்று அவன் போகவில்லை. முதல் நாள் என்பதால் பெரிய டீச்சர் அந்த வாரம் முழுக்கப் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். நாலு கடைக்கும் போய்ப் பார்த்தான். நாலு பேரும் விடவில்லை. தெருவில் நின்று என்னைக் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்டான். நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். எதிரே டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவன் வெளிப்பக்கமாக வந்து அம்மா முன்னால் கையை நீட்டினான்.

"முப்பத்தொண்ணு. குடு."

"உள்ள இருந்து வா."

"எம்மா, நான் ஒன் மகன்தானே?"

"அதனாலதான் சொல்றேன். உள்ள இருந்து வா."

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அழுதான். அந்த அம்மா மற்றப் பிள்ளைகளுக்கு வில்லையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் இரண்டு வில்லை கைதவறிக் கீழே விழுந்தன. வீட்டில் அவன் அப்பா, சனிக்கிழமை போட்டில் ஏற்றுவதாக முடிவாகச் சொல்லியிருந்தார். அதையும் காளியம்மாதான் என்னிடம் சொன்னார். "குடுத்துட்டா அழுகையாவது நிக்கும்" என்று சொல்லிவிட்டு, கொடுக்காமலே வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் சேகர் பள்ளிக்கூடத்துக்குப் போனான். படிக்கப் போகவில்லை, வில்லைக்காகத்தான் போனான். நாலு மணிக்கு உள்ளே இருந்து வெளியே வந்தான். ஆனால் மத்தியான வருகை கணக்கில் வராது என்று அம்மா தாளைக் காட்டினார். வெள்ளிக்கிழமை காலையிலேயே போனான். பெயர் நோட்டில் நின்றது. சனிக்கிழமை அவன் அப்பா தனியாகத்தான் கடலுக்குப் போனார். அன்றைக்கு முப்பத்தொன்றாம் நம்பர் என் கடைக்கு வந்தது. ஒரு மணி நேரம் ஆடினான், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நேரம் முடிந்தது என்றதும் எழுந்து போனான்.

இப்போது உங்களுக்கு. நீங்கள் வைத்திருக்கிற ஆட்டங்களின் பின்பலகையை நீங்கள் கழற்ற முடியாது. செய்கிறவன் எங்கோ தூர தேசத்தில் இருக்கிறான். சுவிட்சு அவன் கையில். நாலு கடைக்காரர்கள் கூடிப் பேசினால் தீருகிற விஷயம் இல்லை இது. அதனால் சட்டம் வேண்டும் என்றுதான் சொல்வேன். பிள்ளைகளுக்கென்று செய்கிற ஆட்டத்தில் என்ன வைத்து இழுக்கிறார்கள் என்று திறந்து காட்டச் சொல்கிற சட்டம். எல்லோரையும் ஒரே நாளில் கரையில் நிறுத்துகிற சட்டம். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தொழில் போய்விடாது, எங்களுக்குப் போகவில்லை. எட்டு வருடம் அந்த வில்லைகளோடு கடை நடத்திவிட்டுத்தான் மூடினேன், அதுவும் கண் பார்வை குறைந்ததால். சட்டம் வருகிற வரைக்கும் உங்கள் ஊரில் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். பேசப் போகும்போது உங்கள் கடையில் நீங்கள் செய்வதை முதலில் சொல்லிவிடுங்கள்.

சேகர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து நாலைந்து மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் நாலரை மணிக்குக் காளியம்மா என் கடைக்கு ஓடிவந்தார். அவர் வில்லை வைத்துக் கொடுக்கிற டப்பாவில் ஒரே ஒரு வில்லை மிச்சம் கிடந்தது. முப்பத்தொன்று.

"எல்லாரும் வாங்கிட்டாக. இவன் வரல. இங்கன வந்தானா? காலையில போனான்னு தாள்ல இருக்கு. போட்டுல கீட்டுல ஏறிட்டானா?"

நான் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். சேகர் காதர் பாய் கடையில் இல்லை. அண்ணன் தம்பி கடைகளில் இல்லை. ஜெட்டிக்கு ஆள் அனுப்பினோம். காதர் பாய் வண்டியை எடுத்துக்கொண்டு பாம்பன் பக்கம் போனார். கடைசியில், பூட்டியிருக்கும் என்று நினைத்த பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போனோம். பின்பக்கம் மணல் திடலில் சத்தம் கேட்டது. கபடி. பக்கத்து ஊர்ப் பள்ளியோடு போட்டி வருகிறதாம். சேகர் மூச்சுப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நாலு பேர் அமுக்கினார்கள். புரண்டு வந்து கோட்டைத் தொட்டான்.

"ஏலே! ஒன் டோக்கன் இங்க கெடக்கு, நீ எங்கனடா போனே?" என்று காளியம்மா கத்தினார்.

அவன் மணலோடு எழுந்து நின்றான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். எதற்கு வந்திருக்கிறோம் என்று உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. பிறகு வில்லையைப் பார்த்தான்.

"ஐயையோ, மறந்துட்டேம்மா" என்றான். "நாளைக்கு வாங்கிக்கிறேன். நீ போ, ஆட்டம் நடக்குது."

காளியம்மா என் பக்கம் திரும்பினார். "மறந்துட்டானாம்ண்ணே" என்றார்.